வாடை தொடங்க முன்

திருகோணமலையில் ஜனவரி மாதம் கடல் கலங்கிக் கிடக்கும். நவம்பரில் தொடங்குகிற வாடைக்காற்று தை பிறந்த பிறகும் லேசில் ஓயாது. உப்புவெளிப் பக்கம் அலை கரை மணலை அரித்துக்கொண்டு போகும். சின்ன வள்ளங்களை மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இந்த மாதங்களில் தெற்குக் கரைக்குப் போய்விடுவதால் விடுதிகளிலும் ஆள் குறைவு. அப்படி ஒரு ஜனவரியில்தான், நாற்பது வயதைத் தாண்டிய நான், நீந்தப் பழகுவது என்று முடிவெடுத்தேன்.

இந்த ஊரைத் தெரியாதவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிகிற ஊரில் பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாதா? தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரியாது. என்னோடு படித்த பெண்பிள்ளைகளில் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆம்பிளைப் பிள்ளைகள் தாங்களாகவே குதித்துக் குதித்துப் பழகிக்கொண்டார்கள். நாங்கள் டச்சு பே கரையில் கால் நனைத்து, சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். சண்டைக் காலத்தில் கரைக்குப் போவதே பயம். அது முடிய முன்னமே 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் அம்மா கடல் தெரிகிற பாதையால் போகக்கூட விரும்பவில்லை.

பிறகு 2021 நவம்பர் 23. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற படகுப் பாதை கவிழ்ந்தது. பாலம் கட்டும் வேலை முடியாமல் கிடந்ததால் சனம் அதில்தான் ஏறிப் போய்வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் செத்துப்போனார்கள். பாதுகாப்பான வழி இல்லாமல் போனதுதான் அதற்குக் காரணம், பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியவில்லை என்று பழியை அவர்கள் பக்கம் தள்ளுவது பெரிய அநியாயம். ஆனாலும் தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் வாழ்கிற எங்களுக்கு, தண்ணீருக்குள் விழுந்தால் என்ன செய்வது என்று ஏன் யாருமே சொல்லித் தரவில்லை என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. 2021இல் மட்டும் உலகத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை சொல்கிறது.

சரி, ஆசை வந்துவிட்டது. ஆனால் எனக்கு ஆசைகள் முன்பும் வந்திருக்கின்றன. இந்த முறை அதைச் செய்து முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருந்ததால், மனிதர்கள் ஒரு குறிக்கோளை எப்படி எட்டுகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவள். ஆதாரம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ள மனம் வராது.

தேடலில் முதலில் அடிபட்டுப்போனது, ஊக்கப் பேச்சாளர்கள் மேடைக்கு மேடை சொல்கிற ஒரு கதை. 1953இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களில் 3 சதவீதம் பேர் தங்கள் குறிக்கோள்களை எழுதி வைத்தார்களாம். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த 3 சதவீதத்தினர் மிச்சம் 97 சதவீதத்தினர் எல்லோரும் சேர்த்து வைத்ததை விடக் கூடுதலாகப் பணம் சேர்த்திருந்தார்களாம். எங்கள் ஊர் மண்டபம் ஒன்றிலும் இதைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்கு யேலிலேயே அதற்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை. எழுதி வைப்பது வீண் என்று நான் சொல்ல வரவில்லை, நானும் எழுதித்தான் வைத்தேன். ஆனால் இளம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பொய்க் கணக்குச் சொல்லக் கூடாது. உண்மையான கணக்கே நிறைய இருக்கிறது.

உதாரணமாக, அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து தொடங்கி, பிறகு கனடாவின் கேரி லேத்தமும் சேர்ந்து வருஷக் கணக்காகச் செய்த வேலை. 'உன்னால் முடிந்ததைச் செய்' என்று சொல்லப்பட்டவர்களை விட, 'இவ்வளவு செய்' என்று தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்குக் கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். மரம் வெட்டுகிறவர்களிடமும் லாரி ஓட்டுகிறவர்களிடமும்கூட இதைச் சோதித்திருக்கிறார்கள். அதனால் நான் கொப்பியில் எழுதினேன்: 'ஐம்பது மீட்டர் நீந்த வேண்டும், இந்த வருஷம் வாடை தொடங்க முன்.'

இதை வாட்ஸ்அப்பில் ஜெர்மனியில் இருக்கிற மச்சாளுக்குச் சொன்னேன். மாமாவின் மகள். இங்கே என்னோடு ஒன்றாக வளர்ந்து, கல்யாணம் முடித்துப் போனவள். அங்கே பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போகப்போய், தானும் பழகிவிட்டாள்.

"மீட்டரை விடுங்கோ மச்சாள்," என்றாள். "முதல்ல தண்ணிக்குள்ள மூச்சு விடப் பழகுங்கோ. பிறகு மிதக்கிறது. ஐம்பது மீட்டர் தன்பாட்டுக்கு வரும்."

அவள் எந்த ஆய்வையும் வாசித்துவிட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவள் சொன்னதற்கு ஆய்வும் இருக்கிறது. 1989இல் கான்ஃபர், அக்கர்மன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க விமானப்படைப் பயிலுநர்களுக்கு விமானங்களை இறக்குகிற ஒரு கணினிப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலையே இன்னும் பிடிபடாத நேரத்தில் கடினமான எண்ணிக்கை இலக்குக் கொடுத்தபோது அது உதவவில்லை, இடைஞ்சலாகத்தான் இருந்தது. பழக வேண்டிய கவனம் எண்ணுவதில் போய்விடுகிறது. லேத்தமும் பிற்பாடு இதையே வேறு விதமாகக் காட்டினார்: தெரியாத வேலையில் இறங்கும்போது 'இத்தனை முடி' என்பதை விட 'இதைச் செய்ய இன்னின்ன வழியைக் கண்டுபிடி' என்ற இலக்குத்தான் உதவும். எங்கள் ஊரில் தையல் பழக்குகிற அக்காமாருக்கு இது நன்றாகத் தெரியும். முதல் நாளே சட்டை தைக்க விடமாட்டார்கள். கடதாசியில் நேராக மெஷின் ஓட்டப் பழகு என்பார்கள்.

ஆக, வாடை மாதங்களுக்கு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பேசின் நிறையத் தண்ணீர் வைத்து, அதற்குள் முகத்தை அமிழ்த்தி, வாயாலும் மூக்காலும் மெதுவாகக் காற்றை வெளியே விடுவது. தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு எடுப்பது. திரும்பவும் முகத்தை வைப்பது. கேட்பதற்கு ஒன்றுமே இல்லை போல இருக்கும். ஆனால் நீந்தத் தெரியாதவருடைய பயத்தில் பெரும் பங்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. முகம் நனைந்தவுடன் உடம்பு மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, நெஞ்சு இறுகுகிறது, கழுத்து விறைக்கிறது. விறைத்த உடம்பு லேசில் மிதக்காது. தண்ணீருக்குள் காற்றை வெளியே விடப் பழகினால் அந்த இறுக்கம் மெல்ல மெல்லக் கழன்று போகும். இதற்குக் கடல் வேண்டாம், நீச்சல் தடாகம் வேண்டாம், குளியலறையும் ஒரு பேசினும் போதும்.

கடல் தொழில் செய்கிறவர்கள் வருஷத்தை இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாடை மாதங்களில் வலை பொத்துவார்கள், இயந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பார்கள், வள்ளத்துக்கு மை பூசுவார்கள். மேற்குக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து ஆட்கள் இங்கே வந்து கரையில் வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தொழில் செய்வார்கள். இங்கே காற்று மாறுகிற காலம் வந்ததும் திரும்பிப் போவார்கள். எந்த மாதத்தில் எது முடியும் என்ற அறிவு அவர்களுடைய திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சுவர்க் கலண்டரைப் பார்த்து ஜனவரியில் எல்லாவற்றையும் தொடங்கச் சொல்கிற புத்திமதி, இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்குப் பொருந்தாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதேநேரம் 'புதிய தொடக்கம்' என்ற உணர்வுக்கு ஒரு பலன் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2014இல் ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், புது வருஷம், பிறந்த நாளுக்குப் பிந்திய நாட்கள் ஆகியவற்றில் ஆட்கள் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போவது கூடுகிறது என்று கண்டார்கள். 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்று நம்புகிற எங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. நான் தையில் பேசினைத் தொடங்கினேன், சித்திரை வருஷம் முடிந்த கையோடு கடலில் இறங்குவது என்று வைத்தேன். இரண்டு பிறப்புக்கும் இரண்டு வேலை.

அப்புறம் எப்போது, எங்கே என்ற விஷயம். எனக்கு எல்லாவற்றிலும் கூடுதலாக உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990களில் மாணவர்களிடம் ஒரு சின்ன வேலை கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவை எப்படிக் கழித்தாய் என்று 48 மணித்தியாலத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு பகுதியினரிடம் மட்டும், அதை எந்த இடத்தில் எந்த நேரத்தில் இருந்து எழுதப் போகிறாய் என்று முன்கூட்டியே குறிக்கச் சொன்னார். குறித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் அனுப்பியது மூன்றில் ஒரு பங்கினர்தான். எல்லோருக்கும் எழுதும் எண்ணம் இருந்தது. இடமும் நேரமும் குறித்தவர்களுக்கு, அந்த நேரம் வந்தவுடன் 'இப்போது செய்வோமா, பிறகு செய்வோமா' என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் இப்படிப்பட்ட 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் நன்றாகவே தெரிந்தது.

என் கொப்பியில் நான் எழுதியது: 'சனி, ஞாயிறு காலையில் தேத்தண்ணி குடித்துக் கோப்பையைக் கழுவி வைத்ததும் உடுப்பு மாற்றுவேன்.' அவ்வளவுதான். கோப்பை கழுவுவது எப்படியும் நடக்கும். அதன் வாலில் இதைக் கட்டிவிட்டேன். இதை விட முக்கியமானது அடுத்த வரி: 'மூக்குக்குள் தண்ணீர் போனால் எழும்பி நிற்பேன், மூன்று தரம் மூச்சு எடுப்பேன், திரும்பவும் முகத்தை வைப்பேன்.' பயம் வருகிற நேரத்தில் மனதுக்கு யோசிக்கத் தெரியாது. முதலே சொல்லி வைத்தால் உடம்பு அதைச் செய்துவிடுகிறது. அந்த வரி இல்லாவிட்டால் முதல் கிழமையே கரையேறி வீட்டுக்கு வந்திருப்பேன் என்று நம்புகிறேன்.

உப்புவெளியில் காலையில் கரை அமைதி. மீன் வள்ளங்கள் திரும்புகிற நேரம், நாய்கள், எங்காவது ஒரு வெள்ளைக்காரர் ஓடிக்கொண்டிருப்பார். பக்கத்துத் தெருவில் இருக்கிற அக்கா ஒருவர் துணைக்கு வந்தார். அவர் நீந்தவில்லை, கரையில் துவாயோடு நிற்பார், ஆனால் கண்ணை எடுக்கமாட்டார். தனியாக இறங்குவதில்லை என்பது மச்சாள் போட்ட முதல் சட்டம். இரண்டாவது சட்டம், இடுப்பு மட்டத் தண்ணீருக்கு வெளியே போவதில்லை. நீந்துவதெல்லாம் கரைக்குச் சமாந்தரமாகத்தான்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பெண்கள் பலர் இந்த ஒரு காரணத்தாலேயே கடலுக்குள் இறங்குவதில்லை. பருத்திச் சல்வார் நனைந்தால் கல் கட்டியது போலக் கீழே இழுக்கும், துப்பட்டா கழுத்தில் சுற்றும். இறுக்கமான நைலோன் கால்சட்டையும் கை நீண்ட மேற்சட்டையும் போட்டால் உடம்பும் மூடியிருக்கும், தண்ணீரும் நிற்காது. கடையில் உடற்பயிற்சிக்கென்று விற்கிறதே போதும், வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை.

மிதக்கப் பழகியதுதான் நீண்ட வேலை. மல்லாக்காகப் படுத்து, காது இரண்டும் தண்ணீருக்குள் போகும்படி தலையைப் பின்னால் விட வேண்டும். தலையைத் தூக்கினால் கால் தாழும். இதை எத்தனை தரம் கேட்டாலும் கழுத்து கேட்காது. ஒரு நாள் அது விட்டுக்கொடுத்தது. நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் உப்புத் தண்ணீர் ஆளைத் தாங்கும். அந்த நாளில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கரையில் நின்ற அக்கா என்னமோ ஏதோ என்று முழங்கால் அளவு தண்ணீருக்குள் ஓடி வந்துவிட்டார்.

ஜூன் பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய பிறகு இன்னொரு கவனம் வேண்டியிருந்தது. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும். அதனால் கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் காற்றடைத்த டியூப்பையோ மெத்தையையோ அது வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு விடுமுறைக்கும் பிள்ளைகளை டியூப்பில் இருத்திவிட்டுக் கரையில் கதைத்துக்கொண்டிருக்கிற பெற்றோரைப் பார்க்கிறேன். தயவு செய்து கச்சானில் டியூப் வேண்டாம்.

இடையில் போகாத வாரங்களும் இருந்தன. அலுவலகத்தில் கணக்காய்வு வந்தது, சொந்தத்துக்குள் ஒரு செத்த வீடு, மாதச் சுகவீனம். முன்பென்றால் விட்டது விட்டதுதான் என்று நினைத்திருப்பேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு இங்கே ஆறுதல் தந்தது. ஒரு பழக்கம் தானாக வரும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாள் ஆனது, ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் வரவில்லை. '21 நாளில் பழக்கம் வந்துவிடும்' என்று சொல்கிறவர்களை நம்பி, இருபத்திரண்டாம் நாள் தன்னைத்தானே திட்டிக்கொள்கிற பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் என்றதும் அக்காவின் மகன் ஞாபகத்துக்கு வருகிறான். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான், உயிரியல் பிரிவு. அவனுடைய அறைச் சுவரில் 'மருத்துவ பீடம்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். இந்த நாட்டில் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீத இடம் தீவு முழுவதுக்குமான திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. வெட்டுப்புள்ளி எங்கே நிற்கும் என்பது அந்த வருஷம் கூடச் சோதனை எழுதுகிற பிள்ளைகளைப் பொறுத்தது. இவன் எவ்வளவு படித்தாலும் அதை இவனால் பிடித்து வைக்க முடியாது. ஒருவர் மூன்று தரம் வரைதான் பல்கலைக்கழக அனுமதிக்காகத் தோற்றலாம் என்ற பாரமும் சேர்ந்து, பதினெட்டு வயதில் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு தாளில் எழுதியிருக்கிற மாதிரி அவனுக்குத் தோன்றுகிறது.

"நான் ஃபெயில் விட்டா எல்லாம் முடிஞ்சுது சின்னம்மா," என்றான் ஒரு நாள்.

அவனோடு இருந்து அந்தத் தாளுக்குக் கீழே வேறொரு தாள் ஒட்டினோம். கடந்தகால வினாத்தாளை எந்த நாள் எந்த மேசையில் செய்வது, விடையை யாரிடம் காட்டுவது, பிழைத்த கேள்வியைத் திரும்ப எப்போது செய்வது என்பதுதான் அதில் இருந்தது. மேலே இருந்த தாளைக் கழற்றச் சொல்லவில்லை. அந்த ஆசை அவனுடையது. ஆனால் காலையில் எழும்பியதும் அவனுக்குச் செய்யக்கூடியதாக ஒன்று கண்ணில் பட வேண்டும். பிள்ளைகளுக்கு இலக்கு வைக்கச் சொல்லிக் கொடுக்கிற பெரியவர்கள், அதில் எவ்வளவு பங்கு பிள்ளையின் கையில் இருக்கிறது என்று ஒரு தரமாவது பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அவனுக்கு இன்னும் பெறுபேறு வரவில்லை.

மச்சாள் ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்தாள். அதற்குள் ஐம்பது மீட்டர் வராது என்று எனக்கு முதலே கணக்கு இருந்தது. 1994இல் கனடாவில் ஒரு சோதனை: இறுதி ஆண்டு ஆய்வுக்கட்டுரையை எப்போது முடிப்பாய் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். 55 நாளுக்கு மேல் எடுத்தது. இதை வாசித்த பிறகு, நான் மனதில் நினைத்த நாளோடு பாதி நாளைக் கூட்டியே எழுதி வைத்திருந்தேன். ஆனால் ஒரு எல்லையைக் கூட்ட முடியாது. ஒக்டோபர் கடைசியில் காற்று மாறும். வாடைக்குத் தவணை கேட்க ஏலாது, அதனாலேயே அந்த நாள் எனக்கு உதவியாக இருந்தது.

அம்மாவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனோம். வரமாட்டேன் என்றுதான் சொன்னார். "கடலை நம்ப ஏலாது பிள்ளை," என்றார். நம்பச் சொல்லவில்லை அம்மா, எங்களைப் பாருங்கோ என்றாள் மச்சாள். தாழை மரத்து நிழலில் கதிரை போட்டு இருந்தவர், நாங்கள் முடிக்கும் வரைக்கும் எழும்பவில்லை. மச்சாள் வெளிப்பக்கம் நீந்த, நான் அவளுக்கும் கரைக்கும் நடுவே நீந்தினேன். களைத்தால் மல்லாக்காகப் புரள்வது, மூச்சு வந்ததும் திரும்புவது. செப்டம்பரில், அவள் திரும்பிப் போன பிறகு, அதே கரையில் நான் குறித்து வைத்திருந்த இரண்டு அடையாளங்களுக்கு நடுவே கால் ஊன்றாமல் நீந்தி முடித்தேன். ஐம்பது மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வரும். அன்றைக்குத் துவாயோடு நின்ற அக்கா, தானும் வருகிற வருஷம் இறங்குவதாகச் சொன்னார்.

இப்போது திரும்பவும் வாடை. அக்காவின் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் பேசினில் மூச்சு விடப் பழகுகிறார்கள். கிண்ணியாவில் இருக்கிற என் சிநேகிதி தன் மகளையும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். முழுக்க மூடிய உடுப்பாக இருக்க வேண்டும், ஆம்பிளைகள் இல்லாத நேரமாக இருக்க வேண்டும் என்று கேட்டாள். இரண்டும் செய்யலாம். ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்க நான் போதாது. ஒருவர் மூழ்கினால் இழுத்து வரவும் முதலுதவி செய்யவும் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கரையில் இல்லாமல் அவர்களை இறக்கமாட்டேன். சித்திரை வருஷம் முடிந்த பிறகு சனி, ஞாயிறு காலைகளில் உப்புவெளிக்கு வரக்கூடிய, அப்படிப் பயிற்சி உள்ள பெண் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவை நாங்கள் சேர்ந்து கொடுப்போம்.